11 வயது நாய்க்குத் திடீரென்று ஏன் இவ்வளவு பசி?

கேட்டவர் சொன்ன விவரம் இது. அவருடைய ஆண் நாய்க்கு 11 வயது, எடை சுமார் 14 கிலோ. சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டில் பெரிய ஆசை இல்லாதவன். வைத்ததில் கால்வாசியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஐந்து வாரமாக ஆளே மாறிவிட்டான். கிண்ணம் காலியான பிறகும் அதை நக்கிக்கொண்டே நிற்கிறான், சமையலறையை விட்டு நகர்வதில்லை, போன வாரம் இரவில் குப்பைக்கூடையைக் கவிழ்த்திருக்கிறான். வீட்டுப் பெரியவர்கள் "வயசான காலத்தில் நல்லா சாப்பிடுறானே, அதுவே பெரிய விஷயம்" என்கிறார்கள். அவன் நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருப்பதால் இவரும் கொஞ்சம் கூடுதலாகப் போட ஆரம்பித்திருக்கிறார். இது வயதால் வருவதா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்பது கேள்வி.

காட்ட வேண்டும். இன்று இரவே ஓட வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். கிழ நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பசி கூடிய நாயை மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் கூட்டி வருகிறார்கள், அதுவும் வேறு ஏதாவது தொந்தரவு சேர்ந்த பிறகு. சாப்பிடுகிற பிராணிக்கு நோய் இருக்காது என்ற எண்ணம் நம் எல்லோர் மனதிலும் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஐந்தாவது வாரத்திலேயே சந்தேகப்பட்டுக் கேட்டீர்கள், அது அவனுக்கு நல்லது.

வயது ஏற ஏற நாயின் ஓட்டம் குறைகிறது, தசை குறைகிறது, உடம்புக்கு வேண்டிய சக்தியும் குறைகிறது. மோப்பம் மங்குவதால் சாப்பாட்டின் ருசியும் கொஞ்சம் போய்விடுகிறது. ஆகவே முதுமை தானாகச் செய்வது பசியைக் குறைப்பதைத்தான். வாழ்நாள் முழுக்க மிச்சம் வைத்தவன் 11 வயதில் கிண்ணத்தை நக்குகிறான் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். "வயசாயிடுச்சு, அதான்" என்ற சமாதானம் இந்த ஒரு மாற்றத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

சரி, என்ன காரணம்? பசியை மட்டும் வைத்து எந்த நோயையும் சொல்லிவிட முடியாது. ஆனால் பசி கூடிய காலத்தில் எடை ஏறுகிறதா இறங்குகிறதா, தண்ணீர் குடிப்பது கூடியிருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். இந்த இரண்டையும் வீட்டில் நீங்களே அளக்கலாம். டாக்டரிடம் போவதற்கு முன் அளந்துவிட்டுப் போனால் அவருக்கு அது பெரிய உதவி.

எடையிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டு எடை மெஷினில் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், வித்தியாசம்தான் அவன் எடை. பழைய தடுப்பூசிச் சீட்டிலோ மருந்துச் சீட்டிலோ முந்தைய எடை எழுதியிருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். 14 கிலோ நாய்க்கு 700 கிராம் குறைந்தால் நமக்கு அது அற்பமாகத் தெரியும். ஆனால் அது அவன் உடல் எடையில் 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், முயற்சி எதுவும் செய்யாமல், 3 கிலோ இளைப்பதற்குச் சமம். மெஷின் சொல்லாத ஒன்றைக் கை சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு முதுகெலும்பையும் தொடையையும் தடவிப் பாருங்கள். முதுகெலும்பின் முட்டுகள் முன்பைவிடத் துருத்திக்கொண்டிருக்கின்றனவா, தொடைச் சதை வற்றியிருக்கிறதா, வயிறு மட்டும் தொங்குகிறதா? எடை மாறாமலேயே தசை போய்க் கொழுப்பு சேரும் நோயும் உண்டு, கீழே வருகிறேன்.

தண்ணீருக்கு ஒரு அளவு ஜாடி போதும். காலையில் அளந்து ஊற்றுங்கள், இடையில் ஊற்றுவதையும் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். வாளி, செடிக்கு ஊற்றும் தொட்டி, குளியலறை என்று அவன் வேறு எங்கும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு நாய் ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 40 முதல் 60 மில்லி வரை குடிக்கும். ஈரமான சாப்பாடு சாப்பிடும் நாய் இன்னும் குறைவாகக் குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது நோயின் அறிகுறி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் நாய்க்கு அந்த எல்லை 1,400 மில்லி. இன்னொரு விஷயம்: தண்ணீர் அதிகம் குடிக்கிறான், வீட்டுக்குள் சிறுநீர் போகிறான் என்று யாரும் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் சிறுநீர் அதிகம் போவதால்தான் அவன் குடிக்கிறான். தண்ணீரைத் தடுத்தால் சில மணி நேரத்தில் உடம்பு வறண்டு ஆபத்தாகிவிடும்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். டாக்டர் கேட்பதற்கு முன்பே நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது மருந்துகளை. அரிப்புக்கோ மூட்டு வலிக்கோ பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் ஓரிரு நாளிலேயே பசியும் தாகமும் எகிறும். வலிப்புக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோனும் அப்படியே. இவை மாத்திரை என்பதால் ஞாபகம் இருக்கும். மறந்துபோவது காதுச் சொட்டு மருந்தும் தோலில் தடவும் களிம்பும்தான். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வாரக்கணக்கில் போட்டால் தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து மாத்திரை செய்யும் வேலையைச் செய்துவிடும். வீட்டில் யாராவது தங்கள் கையில் ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டு, நாய் அதை நக்குகிறதா என்றும் பாருங்கள். காரணம் இதுதான் என்று தெரிந்தாலும் மருந்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்த காலத்தில் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழுந்துவிடலாம். வலிப்பு மருந்தை நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மருந்து எதுவும் இல்லை, பசி கூடியிருக்கிறது, தண்ணீர் கூடியிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது அல்லது அப்படியே இருக்கிறது என்றால் வயதான நாயில் என் முதல் சந்தேகம் குஷிங் நோய். சிறுநீரகங்களுக்கு அருகில் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் இது. உடம்பே தனக்குத் தானே ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொள்வது போல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு கட்டி வந்து, "இன்னும் சுர, இன்னும் சுர" என்று அட்ரீனலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருப்பதுதான் 80 முதல் 85 சதவீத நாய்களில் காரணம். மற்றவற்றில் கட்டி அட்ரீனலிலேயே இருக்கும். ஹார்வி குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் மனிதர்களிடம் இந்தப் பிட்யூட்டரி வகையை 1932இல் விவரித்தார், அவர் பெயர்தான் நோய்க்கு. மனிதர்களிடம் இது அரிது. நாய்களில் அப்படி அல்ல, வயதான நாய்களுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் அடிக்கடி பார்ப்பது இது.

குஷிங் வந்த நாய் நோயாளியாகவே தெரியாது. அதனால்தான் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது, உருண்டையாக இருக்கிறது, வாலாட்டுகிறது. கூர்ந்து பார்த்தால்தான் மற்றவை தெரியும். வயிறு பானை மாதிரி தொங்கும், ஆனால் தொடையில் சதை இருக்காது. முன்பு ஒரே தாவலில் கட்டிலில் ஏறியவன் இப்போது நின்று யோசிப்பான். வெயில் இல்லாத நேரத்திலும், ஓடாமலே, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பான். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிரும், தலையிலும் காலிலும் முடி அப்படியே இருக்கும். வயிற்றுத் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் நீலமாகத் தெரியும். சிறுநீர்த் தொற்று, தோல் தொற்று என்று மாறி மாறி வரும். இத்தனையும் ஒரே நாயில் இருக்க வேண்டும் என்பதில்லை. பசி, தாகம், மூச்சிரைப்பு மூன்று மட்டும் ஆறு மாதம் இருந்து, அப்புறம் மற்றவை வந்த நாய்கள் நிறைய.

இதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும் என்று நினைக்காதீர்கள். சாதாரண ரத்தச் சோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற ஈரல் நொதி கூடியிருப்பது முதல் தடயம். அதைப் பார்த்து ஈரல் கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். நாய்களின் ஈரல் ஸ்டீராய்டைக் கண்டால் இந்த நொதியைத் தனி வகையாகவே உற்பத்தி செய்யும், அதனால்தான் அந்த எண் எகிறுகிறது. அடுத்து, டெக்ஸாமெத்தசோனைச் சிறு அளவில் ஊசி போட்டு, போடுவதற்கு முன்பும் 4 மணி நேரம், 8 மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்து கார்டிசாலை அளப்பார்கள். அல்லது ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள். எப்படியும் நாய் சில மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டிவரும். வேறு நோயால் உடம்பு மிகவும் சரியில்லாத சமயத்தில் இந்தச் சோதனை செய்தால் இல்லாத குஷிங் இருப்பதாகக் காட்டலாம். ஆகவே "தொற்று குணமாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னால் அவர் சரியாகத்தான் சொல்கிறார்.

இதற்கு மருந்து உண்டு. ட்ரைலோஸ்டேன் கார்டிசால் உற்பத்தியைக் குறைக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், அளவு சரிதானா என்று அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி வகைக்கு இது பல நாய்களில் நன்றாக வேலை செய்கிறது. இதில் வீட்டுக்காரர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது: இந்த மருந்து சாப்பிடும் நாய் திடீரென்று சாப்பாட்டைத் தொடாமல் விட்டால், வாந்தி எடுத்தால், துவண்டுபோனால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கார்டிசால் தேவைக்கும் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அது உயிருக்கு ஆபத்து.

பசி கூடியிருக்கிறது, தண்ணீர் கூடியிருக்கிறது, ஆனால் எடை இறங்குகிறது என்றால் சர்க்கரை நோயை முதலில் பார்க்க வேண்டும். நாய்களுக்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே இல்லாமல் போகும் வகை. ரத்தத்தில் சர்க்கரை வழிந்தோடும், ஆனால் செல்லுக்குள் போகாது. உடம்பு பட்டினி கிடப்பதாகவே மூளை நினைக்கும், சாப்பிடு சாப்பிடு என்று துரத்தும். சாப்பிடச் சாப்பிடக் கொழுப்பும் தசையும் கரையும். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 200ஐத் தாண்டும்போது சிறுநீரில் கசிய ஆரம்பிக்கும், அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் தாகம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு இந்த அபாயம் கூடுதல். பருவம் முடிந்து அடுத்த சில வாரங்களில் உடம்பில் ஏறும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. உங்களுடையது ஆண் என்பதால் அது பொருந்தாது, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் மனதை விட்டு அகலாத ஒரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிது. 9 வயதுப் பெட்டை நாயைக் கூட்டி வந்தார்கள். "நல்லா சாப்பிடுது டாக்டர், ஆனா இளைச்சுக்கிட்டே போகுது" என்றார்கள். குடற்புழுவாக இருக்கும் என்று மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தபோது அதன் இரண்டு கண்களும் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தன. சர்க்கரை நோயுள்ள பெரும்பாலான நாய்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கண்புரை வந்துவிடும். சிலவற்றுக்கு வாரக்கணக்கில். கூடுதல் சர்க்கரை கண்ணின் வில்லைக்குள் வேறொரு பொருளாக மாறி நீரை இழுத்துக்கொள்வதால் வில்லை வீங்கி வெளுத்துவிடுகிறது. அந்த நாய் இன்சுலின் போட்டுக்கொண்டு இன்னும் நான்கு வருடம் நன்றாகவே வாழ்ந்தது. கண் அறுவை செய்யும் வசதி அவர்களுக்கு இல்லை, பார்வை திரும்பவில்லை. அன்றிலிருந்து பசி என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதுதான். இங்கே நான் இவ்வளவு நீளமாக எழுதுவதும் அந்த நாயின் ஞாபகத்தில்தான்.

இன்சுலின் ஊசி என்றதும் மனம் தளராதீர்கள். தினமும் இரண்டு வேளை, 12 மணி நேர இடைவெளியில், சாப்பாட்டோடு. மெல்லிய ஊசி, கழுத்துக்குப் பின்னால் தளர்ந்த தோலில் போடுவது. முதல் வாரம் கை நடுங்கும், ஒரு மாதத்தில் நாயே அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். சர்க்கரை நோய்க்கும் நாய்க்கும் உள்ள தொடர்பு பழையது. 1889இல் மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிய பிறகுதான் இந்த நோயின் இருப்பிடம் கணையம் என்று தெரிந்தது. 1921இல் பான்டிங்கும் பெஸ்டும் டொரண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்துச் சோதித்ததும் நாய்களிடம்தான். மனிதர்களுக்குக் கிடைத்த அந்த மருந்து நாய்களுக்கும் வேலை செய்கிறது. அதை அவற்றுக்குக் கொடுக்க நாம் தயங்கக் கூடாது.

எடை இறங்குகிறது, பசி பேய்ப்பசி, ஆனால் தாகம் பெரிதாக இல்லை என்றால் மலத்தைக் கவனியுங்கள். கணையத்துக்கு இன்னொரு வேலை செரிமான நொதிகளைச் சுரப்பது. நாள்பட்ட அழற்சியால் கணையம் வற்றிப்போனால் சாப்பாடு செரிக்காமல் அப்படியே வெளியே போகும். மலம் அளவில் மிக அதிகமாக, வெளிறி, கூழாக, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு இருக்கும். சில நாய்கள் தன் மலத்தையே தின்னும். அதற்காக அடிக்காதீர்கள், பசி தாங்காமல் செய்கிறது. டி.எல்.ஐ. என்ற ரத்தச் சோதனையில் இது தெளிவாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் நொதிப் பொடியைக் கலந்து கொடுப்பதுதான் சிகிச்சை. பி12 குறைந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். குடலில் நாள்பட்ட அழற்சி, குடல் புற்று, புழுக்கள் ஆகியவற்றாலும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போகலாம். புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். ஆனால் நான் செய்த தவற்றைச் செய்து அதோடு நின்றுவிடாதீர்கள்.

தைராய்டு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பூனைகளில் தைராய்டு அதிகம் சுரந்து பசி கூடுவது சகஜம், நாய்களில் அபூர்வம். நாய்களில் வருவது பெரும்பாலும் தைராய்டு குறைவு, அதில் எடை ஏறும், பசி ஏறாது. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்குப் பசி கூடி எடை குறைந்தால் மாத்திரை அளவு அதிகமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பசித்த நேரத்தில் தள்ளாடுகிறான், பின்னங்கால் வலுவிழக்கிறது, சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறது என்றால் அது வேறு கதை. கணையத்தில் இன்சுலினை அளவில்லாமல் சுரக்கும் கட்டி வந்து சர்க்கரை கீழே இறங்குவதால் அப்படி நடக்கலாம். இதைப் பார்த்தால் காத்திருக்கவே கூடாது. பசி கூடி, ஓரிரு வாரத்தில் திடீரென்று சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தால் விழித்திரை செயலிழக்கும் ஒரு நோய் உண்டு. நடுத்தர வயதையும் தாண்டிய நாய்களுக்கு வருவது. பசி, தாகம், எடை மூன்றும் ஏறும் என்பதால் குஷிங் போலவே தோன்றும். கண் பார்வையையும் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூளை. வயதான நாய்களுக்கும் மறதி நோய் வருகிறது. ஒரு ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் இதன் ஏதாவது ஒரு அறிகுறியாவது இருந்தது. சாப்பிட்டதையே மறந்து கிண்ணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் பசி மட்டும் தனியாக மாறுவது இதன் வழக்கமான தோற்றம் அல்ல. இரவில் தூங்காமல் நடப்பது, மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்பது, கதவின் தவறான பக்கத்தில் காத்திருப்பது, பழகிய இடத்தில் வழி தெரியாமல் தவிப்பது, வீட்டுக்குள் மலஜலம் கழிப்பது, இவற்றில் சில சேர்ந்தே வரும். மற்ற நோய்கள் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்த முடிவுக்கு வர வேண்டும். சர்க்கரை நோயால் இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து நடமாடிய நாயை, மறதி என்று சொல்லிவிட்டு விட்டுவிடக் கூடாது இல்லையா?

கவலைப்பட வேண்டாத காரணங்களும் உண்டு. அண்மையில் சொத்தைப் பல் எடுத்திருந்தாலோ மூட்டு வலிக்கு மருந்து ஆரம்பித்திருந்தாலோ, வலி போனதால் பழைய பசி திரும்பியிருக்கலாம். வயதான நாய்களுக்கென்று விற்கும் சில தீவனங்களில் கொழுப்பும் கலோரியும் குறைவு, பிராண்டை மாற்றியிருந்தால் அதே ஒரு கப் இப்போது அவனுக்குப் போதாமல் இருக்கலாம். புதிதாக இன்னொரு நாய் வந்திருந்தால் போட்டிக்குச் சாப்பிடும். வீட்டில் ஒருவர் தன் தட்டிலிருந்து கொடுத்துப் பழக்கியிருந்தால் கேட்டு நிற்கும், ஆனால் அப்படிப் பழகிய நாய் உங்கள் தட்டைத்தான் பார்க்கும், தன் காலிக் கிண்ணத்தை நக்காது. உங்களுடையவன் இரவில் குப்பையைக் கிளறியிருக்கிறான் என்பதால் இது கெட்ட பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு நிஜமாகவே பசிக்கிறது.

காட்டும் நாள் வரைக்கும் என்ன செய்வது? எடை ஏறிக்கொண்டிருந்தால் கூடுதலாகப் போடுவதை நிறுத்துங்கள். ஒரு நாள் மொத்த அளவை மாற்றாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த பீன்ஸ், கேரட், பூசணியைச் சேர்த்தால் வயிறு நிரம்பும், கலோரி ஏறாது. எடை இறங்கிக்கொண்டிருந்தால் மாறாகக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், பட்டினி போடாதீர்கள். எந்த நிலையிலும் அதட்டாதீர்கள். குப்பைக்கூடையை மூடியுள்ளதாக மாற்றி அலமாரிக்குள் வையுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லெட், சைலிட்டால் கலந்த சூயிங்கம், வேகவைத்த எலும்பு என்று பசித்த நாயைக் கொல்லக்கூடியவை எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. ஒரே நேரத்தில் கொழுப்பான மிச்சங்களைத் தின்றால் கணைய அழற்சியும் வரும்.

இவ்வளவு நாள் பேய்ப்பசியோடு இருந்தவன் திடீரென்று சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை வந்தால், வலிப்பு வந்தால், மயங்கினால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே கொண்டுபோங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தாலும் அப்படியே, அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும்.

முதல் நாளிலேயே எல்லாச் சோதனையும் தேவைப்படாது. உடல் பரிசோதனை, ரத்த அணுக்கள், ரத்தச் சர்க்கரை, ஈரல், சிறுநீரகம், சிறுநீர், இவை போதும். இவற்றில் வருவதைப் பொறுத்துத்தான் குஷிங் சோதனையோ டி.எல்.ஐ.யோ வயிற்று ஸ்கேனோ. வெறும் வயிற்றில் கூட்டி வர வேண்டுமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாமே சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வாரம் ஒரு முறை எடை பார்ப்பதை விடாதீர்கள். ஒன்றரை மாதம் கழித்தும் பசி அப்படியே இருந்தால் திரும்பக் கூட்டிப் போங்கள், சில நோய்கள் எண்களில் தெரிய நாளாகும்.

கூட்டிப் போகும் அன்று காலை முதல் சிறுநீரையும் பிடித்துக்கொண்டு போங்கள். காலைத் தூக்கும்போது நீளமான பிடியுள்ள சுத்தமான கரண்டியை நீட்டினால் போதும், பெரும்பாலான நாய்கள் கவலைப்படாது. சோப்பு ஒட்டாமல் கழுவிக் காயவைத்த சின்ன பாட்டிலில் ஊற்றி மூடி, நேரத்தை அதன்மேல் எழுதி, உடனே கிளம்ப முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வீட்டில், பயமில்லாத நேரத்தில் எடுத்த சிறுநீர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரிலும் கார்டிசாலை அளக்கலாம், ஆனால் மருத்துவமனைப் பதற்றத்திலேயே அது ஏறிவிடும், அதனால் குஷிங் இல்லை என்று ஒதுக்க நினைத்தால் அவருக்கு அந்தச் சின்ன பாட்டில்தான் முதலில் வேண்டும்.